தீர்ப்பு மச்சானும் முகவாயைத் தூக்கும் விமர்சகரும்

என் மனைவியின் அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டிய அகலத்தில் ஒரு கடை. முன்னால் பிரேம்கள், நடுவில் எழுத்துப் பலகை, பின்னால் லென்ஸ் தேய்க்கும் இயந்திரம். குடும்பத்தில் அவருக்குத் 'தீர்ப்பு' என்று பெயர். கண் விஷயத்தில் கிடைத்த பெயர் அல்ல, லேப்டாப் விஷயத்தில் கிடைத்தது. சொந்தத்தில் யாராவது அவரைக் கேட்காமல் லேப்டாப் வாங்கிவிட்டால், அது கெட்டுப்போகும்வரை பொறுமையாக இருப்பார். கெட்ட மறுநாள் போன் செய்து நலம் விசாரிப்பார். அந்த விசாரிப்புக்குப் பயந்தே எல்லோரும் முதலிலேயே கேட்டுவிடுகிறோம்.

மச்சான் லேப்டாப்பை ஆராய்வதில்லை. அதைப் பற்றி வீடியோவில் பேசுகிறவர்களைத்தான் ஆராய்வார். அவரிடம் ஒரு நோட்டு இருக்கிறது. புது லேப்டாப் வெளிவந்த அன்று எந்த விமர்சகர் என்ன சொன்னார், ஆறு மாதம் கழித்து அது என்ன ஆனது என்று இரண்டு பத்தியாக எழுதி வைத்திருக்கிறார். விமர்சகர்களுக்கு அவரே பெயர் வைத்திருக்கிறார். எதைப் பார்த்தாலும் அலறுகிறவர் 'ஐயையோ'. பேச்சின் நடுவே மூச்சே விடாதவர் 'ரயில்'. எதுவுமே பிடிக்காதவர் 'முணுமுணுப்பு'.

"கம்பெனிக்காரன் எல்லாருக்கும் ஒரே நாள்ல பெட்டியை அனுப்பிடறான் மாப்பிள்ளை. இந்த மணிக்கு முன்னாடி வாயைத் திறக்கக் கூடாதுன்னு வேற சொல்லிடறான். அப்புறம் பாருங்க, ஒரே நிமிஷத்துல பதினாறு பேருக்கு ஞானம் பொறக்குது. ஒரு வாரம் வச்சுப் பார்த்தவன் நாலு வருஷத்துக்குச் சத்தியம் பண்றான்" என்பார்.

ஒருநாள் அண்ணி, அதாவது மச்சானின் மனைவி, கேட்டே விட்டார்: "இவ்வளவு விசாரிக்கறீங்களே, என்னைக் கட்டிக்கறதுக்கு முன்னாடி எத்தனை பேர்கிட்ட விசாரிச்சீங்க?"

"ஒருத்தர்கிட்டதான். உங்கப்பாகிட்ட."

"அப்புறம்?"

"அவரு கம்பெனி ஆளு."

அன்று மச்சானுக்குச் சாப்பாடு கொஞ்சம் தாமதமாகத்தான் கிடைத்தது.

போன மாதம் இந்த நீதிமன்றத்துக்கு என் மனைவியின் வழக்கு வந்தது. அவள் படங்களுக்கும் தொடர்களுக்கும் சப்டைட்டில் போடுகிறவள். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம், பேசுகிறவர் வாயையும் கீழே ஓடும் எழுத்தையும் மாறி மாறிப் பார்க்கிற வேலை. பழைய லேப்டாப்பின் திரை மங்கி, சாயங்காலமானால் அவளுக்கு நெற்றிப்பொட்டில் வலி வந்துவிடும். போன வருடம் வேலையை விட்டுவிடலாமா என்றுகூடப் பேசினோம். அலுவலகத்தில் நாலு வருடத்துக்கு ஒருமுறைதான் லேப்டாப் மாற்றுவார்கள். இந்த முறை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள்: போன வருட மாடல், அல்லது அந்தச் செவ்வாய்க்கிழமைதான் வெளிவந்த புது மாடல். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் படிவத்தை அனுப்ப வேண்டும். தப்பாகத் தேர்ந்தெடுத்தால் நாலு வருடத் தலைவலி. எனக்குச் செவ்வாய் முதலே தூக்கம் சரியில்லை.

புதன்கிழமை தீர்ப்பு வந்தது. "புதுசு வேண்டாம். எழுத்து கலங்கலா இருக்கு, அஞ்சு நிமிஷத்துல கண்ணு சோர்ந்து போகுதுன்னு முணுமுணுப்பு சொல்லிட்டாரு. பன்னெண்டு தடவைல பதினோரு தடவை அவரு சொன்னது பலிச்சிருக்கு."

அவளுக்குப் புதியதன் மேல்தான் ஆசை. முகம் வாடிப்போனது. ஆனால் அண்ணனிடம் வாதாட முடியாது, நோட்டைத் திறந்துவிடுவார். "அந்த வீடியோவை நானும் ஒரு தடவை பார்க்கறேனே" என்று மட்டும் சொன்னாள்.

வியாழன் மத்தியானம் கடைக்குப் போனோம். மச்சான் வழக்கம்போலக் கணினியில் வீடியோவைப் போட்டுவிட்டு, திரைக்கு முதுகைக் காட்டியபடி இயந்திரத்தில் லென்ஸைத் தேய்க்கத் தொடங்கினார். இவள் ஸ்டூலை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வீடியோவை நிறுத்தினாள். பின்னால் ஓட்டினாள். மறுபடி நிறுத்தினாள். வேலைப் பழக்கம்.

"அண்ணா, இவரு ஸ்கிரீனைப் படிக்கும்போதெல்லாம் ஏன் முகவாயைத் தூக்கறாரு?"

"என்ன தூக்கறாரு?"

"நீயே பாரு. நேராப் பேசும்போது ஒழுங்கா இருக்காரு. படிக்கும்போது மட்டும் கோழி தண்ணி குடிக்கற மாதிரி."

மச்சான் இயந்திரத்தை நிறுத்தினார். திரும்பினார். மூன்று தடவை பார்த்தார். அவர் முகத்தில் அப்படியொரு வெளிறலை நான் பார்த்ததில்லை.

"அடப்பாவி மனுஷா! தூரத்துக்கு ஒண்ணு, கிட்டத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு பவர் கண்ணாடி போட்டிருக்காரு. லேப்டாப் ரெண்டுக்கும் நடுவுல இருக்கு. அதான் கண்ணாடியோட கீழ்ப்பக்கமாப் பார்க்கத் தலையைத் தூக்கறாரு. அதுவும் ரொம்பப் பழைய பவரு. இவருக்கு எந்த ஸ்கிரீனைக் காட்டினாலும் கலங்கலாத்தான் தெரியும்!"

"இத்தனை வருஷமா நீ பார்க்கலையா?"

"நான் எங்க பார்த்தேன், காதாலதானே கேட்டேன். கை வேலையா இருக்கும்ல."

இருபத்திரண்டு வருடமாக ஊர்க் கண்ணையெல்லாம் சோதிக்கிற மனிதர், திரையைப் பற்றிய தீர்ப்புகளைத் திரையைப் பார்க்காமலே கேட்டிருக்கிறார். என் மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். அவள் விக்கி நிற்கும்வரை மச்சானும் நானும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் மச்சான் கதவில் 'சற்று நேரத்தில் வருகிறேன்' அட்டையை மாட்டிவிட்டு, எல்லா விமர்சகர்களையும் வரிசையாகக் கண் பரிசோதனைக்கு உட்படுத்தினார். "ரயில் போட்டிருக்கறது வெறும் கண்ணாடி. பாரு, லென்ஸுக்குள்ள கன்னத்தோட கோடு கொஞ்சம்கூட நகரலை. பவரே கிடையாது, அழகுக்குப் போட்டிருக்காரு." இன்னொருவர் ஒரு கண்ணைச் சுருக்கினார். கடைசியில் கண் சரியாக இருந்தது ஐயையோவுக்கு மட்டும்தான். ஆனால் அவர் சார்ஜர் வயரைப் பார்த்தும் அலறுகிறவர்.

"இப்ப யாரை நம்பறது மச்சான்?" என்றேன். படிவத்துக்கு ஒரு நாள்தான் பாக்கி.

"உங்க வீட்டம்மா கண்ணை. அதை நான் சோதிச்சிருக்கேன்."

வெள்ளிக்கிழமை மூவருமாக அந்த லேப்டாப் பார்வைக்கு வைத்திருந்த கடைக்குப் போனோம். மச்சான் பையில் கண் சோதிக்கும் எழுத்து அட்டையும் அளவு நாடாவும் இருந்தன. கண்ணுக்கும் திரைக்கும் எத்தனை தூரம் என்று அளந்தார். என் மனைவி தன் சப்டைட்டில் எழுத்தின் அளவிலேயே வரிகளை அடித்து அடித்துப் படித்தாள். ஒரு மணி நேரமாயிற்று. விற்பனைப் பெண் வந்தாள்.

"சார், வாங்கறீங்களா?"

"இல்லம்மா. ஆபீஸ்ல தராங்க."

"அப்புறம் இங்க என்ன பண்றீங்க?"

"தலை வலிக்குதான்னு காத்துட்டிருக்கோம்."

அவள் மேலாளரைத் தேடிப் போனாள். நாங்கள் எழுந்துவிட்டோம். தலை வலிக்கவில்லை. நாலே முக்காலுக்கு என் மனைவி புது மாடலைக் குறித்துப் படிவத்தை அனுப்பினாள்.

லேப்டாப் வந்து மூன்று வாரமாகிறது. சாயங்காலத்து வலி வருவதில்லை. எழுத்து பளிச்சென்று இருக்கிறது. ஆனால் படத்தையும் ஓடவிட்டு எழுத்தையும் அடித்தால், இடது மணிக்கட்டு படுகிற இடம் இஸ்திரிப்பெட்டி மாதிரி சுடுகிறது. கடையில் வெறும் எழுத்துதானே அடித்துப் பார்த்தோம்! கைக்குட்டையை நாலாக மடித்துக் கைக்கடியில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறாள். அதைப் பார்த்த மச்சான் தலையைச் சொறிந்தார்.

"இடது பக்கம் சுடும்னு முணுமுணுப்பு சொன்னாரே."

"எப்போ?"

"அதே வீடியோலதான். பதினாலாவது நிமிஷத்துல."

"அப்ப ஏண்ணா என்கிட்ட சொல்லலை?"

"அதான் அவரு கண்ணு சரியில்லைன்னு தள்ளிட்டோமே."

"கண்ணுதானேண்ணா சரியில்லை? கைக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்டுவிட்டு, கைக்குட்டையைத் திருப்பிப் போட்டு, அடுத்த காட்சியை ஓடவிட்டாள்.