சந்தூக்கின் செப்பாணிகள்

“ரஜப் பிறை பதினொன்று, வெள்ளி. கடலில் இறங்கிய ஆகாயக் கப்பல் அலையில் உடைந்தது. ஓட்டிப் பழக வந்த துரைமார் இருவரும் உயிரோடு கரையேறினர். பலகைகளைத் திருப்பிக் கேட்கும்வரை நம்மிடம் அமானிதமாக வைத்துப் போயினர்.”

தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழில் இருந்த இந்தக் குறிப்பை ஒரு பழைய கிதாபின் உள்ளட்டையில் வாசித்தேன். ஆண்டு எழுதப்படவில்லை. அத்தகைய கப்பல்கள் பறந்த, இரண்டு உலக யுத்தங்களுக்கும் இடையிலான காலத்தில் அந்தப் பிறை வெள்ளியில் விழக்கூடிய ஆண்டுகள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. பிறை கண்ட நாளும் ஊருக்கு ஊர் மாறும்.

கிதாபைத் தந்தவர் என் தங்கையின் கணவர், பள்ளிவாசலை நிர்வகிக்கும் நம்பிக்கையாளர். ஜனாஸாக்களை, அதாவது இறந்தவர்களின் உடல்களை, அடக்கத்துக்குச் சுமக்கும் சந்தூக்கு பழசாகிவிட்டதால் அலுமினியத்தில் புதிதாக ஒன்று வந்திருந்தது. பழையதை ஓரமாக வைத்து, குறிப்பை எழுதி, சந்தூக்கைப் பள்ளிக்குத் தர்மமாகத் தந்த அவருடைய வாப்பாவின் வாப்பா பெயரோடு “வக்பு செய்தவர்” என்று ஒரு பலகை மாட்டவேண்டும். வாசகம் எழுதும் வேலை எனக்கு.

கடலில் இறங்கும் விமானங்களான அந்தக் காலத்துப் பயிற்சிப் பறக்கும் படகுகளின் உடல் மரத்தாலானது, மகோகனிப் பலகைகளைச் செப்பாணியால் பிணைத்திருப்பார்கள் என்று வாசித்திருக்கிறேன். சந்தூக்கின் அடிப்பலகையில் காரணமில்லாமல் வரிசை வரிசையாகச் செப்பாணிகள் இருக்கின்றன. உம்மாவை அடக்கக் கொண்டுபோன அன்று அதிலொன்று என் சட்டைத் தோளில் கொளுவிக் கிழித்தது.

அஸர் தொழுகைக்குப் பின் மச்சானிடம் குறிப்பை வாசித்துக் காட்டினேன். பழைய சந்தூக்கைக் கவிழ்த்து ஆணிகளைத் தடவிப் பார்த்தார்.

“வரலாறு எழுதி எழுதி, கடைசியா எங்கட குடும்பத்துக்கே வழக்கு வச்சிட்டீங்க.”

“அமானிதம் எண்டு அவரே எழுதியிருக்கார், மச்சான். தன்னுடையதில்லாதத வக்பு செய்ய ஏலாதே.”

“அவனுகள் திரும்பி வந்து கேட்டானுகளா? மத்தவனெண்டா அடுப்புல வச்சிருப்பான்.” பிறகு சற்றுச் சிரித்தார். “பறக்கக்குள்ள விழுந்த சாமான். எங்கட தோள்ல இருந்து ஒருநாளும் விழல்ல.”

“ஓம்.”

“அமானிதம் எண்ட அந்த ஒரு சொல்ல விட்டுட்டு எழுதேலாதா?”

என் உம்மாவும் அதில்தான் போனவர். மச்சானிடம் கேட்காத ஒன்றை என்னிடமே கேட்டுக்கொண்டிருந்தேன்: இப்போது யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

அடுத்த வெள்ளி ஜும்ஆவுக்குப் போனபோது பழைய சந்தூக்கு ஓரத்தில் இருந்தது. பலகைக்கு அடித்த இரண்டு ஆணிகள் சுவரில் வெறுமனே நின்றன. தொழுகை முடிந்து செருப்பைத் தேடும்போது மச்சான் என் பக்கமாகக் குனிந்து, “பிள்ளைகளுக்கிட்டச் சொல்லிட்டன், என்ட ஜனாஸாவப் புதுச் சந்தூக்கில கொண்டுபோகச் சொல்லி,” என்றார். வாசகத்தைப் பற்றி அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

என் குறிப்புக் கொப்பியில் இப்படித்தான் பதிந்திருக்கிறேன்: நம் கரையில் பயிற்சிப் பறக்கும் படகு ஒன்று உடைந்ததாகச் சொல்லும் வேறெந்தப் பதிவையும் நான் காணவில்லை. அடிப்பலகை அதனுடையதுதானா, உரியவர்கள் பின்னர் அதை விட்டுக்கொடுத்தார்களா என்பவை உறுதி செய்யப்படவில்லை.