தோளில் கிடந்த கேபிள்

ஒன்பது வருஷமாகச் சுடலைமுத்துவுக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. துவாக்குடியில் மன்சூர் பாயின் இரும்புப் பட்டறைக்கு எலெக்ட்ரீஷியனாக வந்து சேர்ந்த மூன்றாம் நாளே, ஸ்டீபன்ராஜ் அவர் தோளில் கிடந்த வெல்டிங் கேபிளைத் தூக்கிக் கீழே போட்டான்.

“அண்ணே, இத மாலையாட்டம் போட்டுக்கிட்டா அது கெளப்புற காந்தம் பூரா உங்க நெஞ்சு மேலதான்.”

பட்டறையே சிரித்தது. அன்றிலிருந்து அவர் ‘மாலை முத்து’. இருபது வருஷ வெல்டர் அவர். வேலை விஷயம் தவிர அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. கேபிளையும் தோளிலிருந்து இறக்கவில்லை.

ஸ்டீபன்ராஜுக்கு வீடு மாம்பழச்சாலையில். மொட்டைமாடியில் ஏரியல் கட்டி, லைசென்ஸ் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் எந்தெந்த தேசத்து ஆட்களோடோ ரேடியோவில் பேசுவான். சட்டைப்பையில் காந்தம் அளக்கும் மீட்டர் எப்போதும் இருக்கும். டீக்கடை மிக்ஸியைக்கூட விடமாட்டான்.

“இதனால புத்துநோய் வருமாடா?” என்று ஃபிட்டர் கலீல் ஒருமுறை கேட்டார்.

“அத யாரும் அடிச்சுச் சொல்லலண்ணே. தெரியாதத நானும் சொல்ல மாட்டேன். தள்ளி நின்னா என்ன கொறஞ்சா போயிடும்?”

இந்தத் தை மாதம் பஸ்ஸில் மயங்கி விழுந்தான். இதயத் துடிப்பைச் சீராக்க நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் வைத்தார்கள். இரண்டு மாதம் கழித்து வேலைக்கு வந்தவனை மன்சூர் பாய் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

“வெல்டிங் நடக்குற எடம்ப்பா. ஒண்ணு ஆச்சுன்னா உன் பொண்டாட்டிக்கு யாரு பதில் சொல்றது?”

“நான் வெல்டு பண்ணக்கூடாது, அவ்வளவுதான் பாய். உள்ள நிக்கலாமா கூடாதான்னு அளந்து பாத்துச் சொல்றேன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. வேற வேலைக்கு நான் எங்க போவேன்?”

ஆஸ்பத்திரியிலிருந்து லிசி என்ற டெக்னீஷியன் பெண் கருவிகளோடு வந்தாள். ஸ்டீபன்ராஜின் வேலை மேசை இருந்த இடத்தைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டார்கள். அவனை வெளியே உட்கார வைத்துவிட்டு லிசி கோட்டில் மீட்டரோடு நின்றாள். சுடலைமுத்து வெல்டிங் பிடித்தார். மீட்டர் எகிறியது.

“இது ரொம்ப அதிகம் சார். இப்படின்னா அவர உள்ள விட முடியாது.”

“நான் அப்பவே சொன்னேன்ல?” என்றார் பாய். வாசலில் ஸ்டீபன்ராஜ் தலைகுனிந்தான். அவன் தோற்றுப்போவதைச் சுடலைமுத்து முதல்முறையாகப் பார்த்தார். நினைத்த அளவுக்கு அது இனிக்கவில்லை.

காரணம் அவருக்குத் தெரியும். கரண்டைத் திருப்பிக் கொண்டுபோகும் எர்த் கேபிளை வெல்டு வைக்கிற இரும்பிலேயே மாட்டாமல், ஒவ்வொரு வேலைக்கும் கழற்றி மாட்டும் நடை மிச்சம் என்று பட்டறைக் கோடியில் உள்ள தூணில் மாட்டிவைப்பது அவர் பழக்கம். கரண்டு கூரை இரும்பெல்லாம் சுற்றி, மஞ்சள் கோட்டுப் பக்கமாகத்தான் திரும்பிப் போகும். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது.

“கொஞ்சம் இருங்கம்மா. தப்பு அவன் மேல இல்ல, என் மேல,” என்றார். தூணிலிருந்து கிளிப்பைக் கழற்றிவந்து, வெல்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினார். தோளில் கிடந்த கேபிளை இறக்கி, எர்த் கேபிளோடு சேர்த்துத் துணிக்கிழிசலால் கட்டித் தரையில் விட்டார். போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒட்டியே கிடந்தால் காந்தம் அதிகம் பரவாது.

“மாலை எறங்கிடுச்சு டோய்!” என்றார் கலீல்.

“வாய மூடுய்யா. நீங்க அளங்கம்மா.”

அவர் மறுபடி வெல்டிங் பிடித்தபோது மீட்டர் அடங்கியே இருந்தது. லிசி அதற்குப் பிறகுதான் ஸ்டீபன்ராஜைக் கோட்டுக்குள் நிற்கவைத்து, பேஸ்மேக்கரையும் தன் கருவியில் பார்த்தாள். வெல்டிங் ஓடியது, துடிப்பு ஒரு இடத்திலும் தவறவில்லை. கோட்டைத் தாண்டக்கூடாது, கேபிள் இப்படியே கிடக்கவேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். பாய் படித்துப் பார்த்துவிட்டு, “சரி, நாளைக்கு வா,” என்றார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். ஸ்டீபன்ராஜ்தான் பேச்சை எடுத்தான்.

“அண்ணே, ரேடியோ ஏரியல் நான் உக்காருற எடத்துக்கு நேர் மேல இருக்கு. டாக்டர் தள்ளி வெக்கச் சொல்லியிருக்காரு. ஞாயித்துக்கெழம வந்து மாடிக் கடைசியில ஒரு கம்பம் வெல்டு வெச்சுத் தாங்க. நான் தெரு முனையில நிக்கறேன். எர்த்த எங்க மாட்டணும்னு நான் சொல்ல மாட்டேன். மெஷின ஆஃப் பண்ணிட்டுக் கூப்பிடுங்க, அப்பதான் மேல வருவேன்.”