என் பெயர் இல்லாத பெட்டி

எட்டாம் வகுப்பின் நடுவில் தூத்துக்குடியிலிருந்து என்னைத் திருப்பூர் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து சேர்த்தார்கள். இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். அப்பாவும் அம்மாவும் ஒரே பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள்.

முதல் நாள், அப்பா எங்கே என்று தமிழ் மிஸ் கேட்டார். "வெளிய நிக்காவ மிஸ்" என்றேன். எங்கள் ஊர்ப் பேச்சைக் கேட்டு வகுப்பே சிரித்தது. மிஸ் அதட்டி அடக்கினார். இடைவேளையில் யார் அடக்குவது? ஒரு வாரம், எங்கே போனாலும் "நிக்காவ, போறாவ" என்று பின்னாலேயே வந்தார்கள். எனக்கு ரோஷம் ஜாஸ்தி. இனி இதுகள் முன்னால் வாயே திறப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

அந்த வகுப்பில் முன்பெஞ்சு நாலு பேர்தான் எப்போதும் கை தூக்குவார்கள். மிஸ்ஸுக்கு அது பிடிக்கவில்லை. பனியனை மடிக்கும்போது உள்ளே வைக்கிற வெள்ளை அட்டையைத் துண்டு துண்டாக வெட்டிக் கொண்டுவந்தார். அவரவர் பெயரை எழுதி ஒரு பனியன் பெட்டியில் போட வேண்டும். மிஸ் கைக்கு வந்த அட்டையில் யார் பெயரோ, அவர் எழுந்து பேச வேண்டும். பேசியவரின் அட்டை வெளியே போய்விடும். பெட்டி காலியாகும்வரை அடுத்த தலைப்பு கிடையாது.

"ஒருத்தர்கூட விட்டுப்போகக் கூடாது கண்ணுகளா" என்றார்.

நானும் வரிசையில் போய்ப் பெட்டிக்குள் கையை விட்டேன். என் பெயர் எழுதிய அட்டையைப் போடாமல் உள்ளங்கையிலேயே மறைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். பெரிய சாமர்த்தியம் என்று நினைப்பு.

அதன் பிறகுதான் மிஸ் கரும்பலகையில் தலைப்பை எழுதினார். கடல்.

பாதிப் பேர் கடலைப் பார்த்ததே இல்லை. ஒருத்தன் சினிமாவில் பார்த்ததைச் சொன்னான். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், "பெரிய குளமாட்ட இருக்குமுங்க மிஸ்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். குளமாம்! உப்புக்காற்றில் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி துருப்பிடித்து உதிரும் என்று இவர்களுக்குத் தெரியுமா? சாயங்காலம் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். உலையில் அரிசி வேகும்வரை சுவரைப் பார்த்துக் கடலைப் பற்றிப் பேசுவேன். வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் எதையும் பேசியதில்லை.

அட்டையைப் போட்டுவிட இரண்டு முறை போனேன். மிஸ் பெட்டியை மேசைக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். அவரிடமே சொல்லியிருக்கலாம். ஆனால் ஒளித்தது நான்தான் என்று எந்த வாயால் சொல்வது? புதுப் பிள்ளை இன்னும் பேசவில்லை என்று யாராவது சொல்வார்கள் என்று தினமும் காத்திருந்தேன். அத்தனை பேரில் ஒருவருக்குக்கூடவா தோன்றாது?

வெள்ளிக்கிழமை மிஸ் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டினார். ஒன்றும் விழவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"எல்லாரும் பேசியாச்சா கண்ணுகளா?"

பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தேன். அவள் நோட்டில் அடுத்த தலைப்புக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆச்சுங்க மிஸ்" என்றது வகுப்பு. நானும் அவர்களோடு சேர்ந்து, அவர்களைப் போலவே, "ஆச்சுங்க மிஸ்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.