பதினோரு மணிக்குக் கத்தும் கம்ப்யூட்டர்

1. லாரி நின்றது

அரசு அலுவலகக் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்த்தே ஓய்வு பெற்றவன் நான். டெஸ்க்டாப் சத்தம் போட்டால் என்ன செய்ய வேண்டும் என்று பன்னிரண்டு படிகளில் ஒரு செயல்முறை எழுதி மாவட்டம் முழுக்கச் சுற்றுக்கு விட்டிருக்கிறேன். அதை யாரும் படித்ததாகத் தகவல் இல்லை. எனக்கு மட்டும் மனப்பாடம். சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக, அந்தப் பன்னிரண்டு படியும் என்னைக் கைவிட்ட ஒரு வேலையைப் பற்றிச் சொல்கிறேன்.

மரக்காணத்தில் உப்பளக்காரர்கள் சேர்ந்து நடத்தும் சங்க அலுவலகம் ஒன்று. உப்பு ஏற்றிப் போகும் லாரிகளுக்கு அங்கேதான் லோடு சீட்டு. சீட்டு போடுகிறவர் தேன்மொழி, பிரம்மதேசத்துக்காரர். இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை. திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் ஸ்கிரீன் ரீடரை வைத்து வேலை செய்பவர். டிரைவர் வண்டி நம்பரைச் சொல்வார், இவர் டைப் செய்வார், கம்ப்யூட்டர் திருப்பிப் படிக்கும், சரி என்றால் பிரிண்ட். கம்ப்யூட்டர் இரையத் தொடங்கும் வரை தப்பே வந்ததில்லை.

ஒரு நாள் ஒரு சீட்டில் ஓர் எண் மாறிப்போய், லாரியை வழியில் சோதனையில் நிறுத்திவிட்டார்கள். அரை நாள் லோடோடு வெயிலில் நின்றது. சில மாதம் முன்னால் இதே கம்ப்யூட்டர் கெட்டபோது, உப்பு தின்றுவிட்டது என்று சொல்லிச் சரிசெய்து கொடுத்தவன் நான் என்பதால், சங்கச் செயலாளர் எனக்குப் போன் செய்தார்.

"ரைஸ் மில் மாதிரி கத்துதுங்க சார். அந்தம்மாவுக்கு ஒண்ணும் காதுல விழமாட்டேங்குது. இன்னொரு தப்பு வந்தா போன் எடுக்குற வேலைக்கு மாத்திடுவேன், வேற வழியில்ல."

தேன்மொழி பக்கத்தில் இருக்கும்போதே இதைச் சொன்னார் என்று பிறகு தெரிந்தது. அந்த அலுவலகத்தில் போன் என்பது தினம் நாலு முறை அடித்தால் அதிகம். மூன்று வருடமாகக் கவுண்டரைத் தனியாகச் சமாளித்த ஒருவரை அதன் முன்னால் உட்கார வைப்பது, வேலை கொடுக்காமல் நாற்காலி கொடுப்பது.

2. பழுது காணப்படவில்லை

மறுநாள் காலை ஒன்பதரைக்குப் போனேன். ஹெட்போன் போட்டுக்கொள்ளக் கூடாதா என்று தேன்மொழியிடம் கேட்டேன். போட்டால் கவுண்டரில் நிற்கிறவர் பேசுவது கேட்காதாம். நியாயம்தான்.

கம்ப்யூட்டர் கேபினட்டைத் திறந்தேன். உப்புக் காற்றில் தூசி ஈரம் இழுத்து, ஃபேன் இறக்கைகளில் அப்பளமாக ஒட்டியிருந்தது. படி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். தூசி எடுத்தேன். சிபியு ஃபேனை மாற்றி, சூட்டைக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது வைத்தேன். கரகரத்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, சத்தமே போடாத எஸ்எஸ்டி போட்டேன். பக்கத் தகடு அதிராமல் இருக்க சைக்கிள் டியூபில் வளையம் வெட்டி ஸ்க்ரூவுக்கு அடியில் கொடுத்தேன். முடித்தபோது மெஷின் ஓடுகிறதா என்று லைட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"காலையில எப்பவும் இப்படித்தான் சார் இருக்கும்" என்றார் தேன்மொழி.

"இனிமே சாயந்திரமும் இப்படித்தாம்மா இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அந்த ஒரு வாக்கியத்தில் அவர் சொன்ன தகவலைக் கவனித்திருந்தால் இந்தக் குறிப்புக்கே அவசியம் இருந்திருக்காது.

மூன்றாம் நாள் மறுபடி போன். மதியம் போனேன். நான் உள்ளே நுழைந்து, செயலாளர் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுக் கவுண்டருக்குப் போவதற்குள் சத்தம் நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் சோதித்தும் இல்லை. பதிவேட்டில் "பழுது காணப்படவில்லை" என்று எழுதினேன். எங்கள் தொழிலில் இதற்கு "எனக்குத் தெரியவில்லை" என்று அர்த்தம்.

மறுநாள் இன்னொரு சீட்டு தப்பாகிவிட்டது. நல்லவேளையாக டிரைவரே படித்துப் பார்த்துத் திருத்தச் சொல்லியிருக்கிறார். திங்கள்கிழமை முதல் கவுண்டருக்கு வேறு ஆள் என்று செயலாளர் சொல்லிவிட்டார். அன்று தேன்மொழியே என்னைக் கூப்பிட்டார்.

"ரெண்டு தடவை வந்தீங்க சார். ரெண்டு தடவையும் பொட்டியைப் பிரிச்சுப் பாத்தீங்க, போயிட்டீங்க. நாள் முழுக்கப் பக்கத்துல உக்காந்திருக்கறது நானு. சத்தத்தைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை விசாரிக்கலியே."

விசாரித்தேன். சத்தம் பதினோரு மணிக்குத்தான் வரும் என்றார். முதலில் சரசரவென்று ஏதோ உரசும், ஜன்னல் திரையாக இருக்கும் என்று நினைத்தாராம். பிறகு ஃபேன் சத்தம் குடத்துக்குள் வைத்த மாதிரி அமுங்கும். பத்து நிமிடத்தில் இரைச்சல் ஏறும். இவ்வளவு துல்லியமான புகாரை என் பணிக்காலத்தில் ஒரு அதிகாரியிடமிருந்தும் பெற்றதில்லை.

3. சனிக்கிழமை

சனிக்கிழமை காலையிலேயே போய், ரெக்கார்டு அலமாரிக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஓய்வூதியர் ஒருவர் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்திருப்பதற்கு எந்தச் செயல்முறையிலும் இடமில்லை. தேன்மொழிக்கு மட்டும்தான் தெரியும்.

பதினோரு மணிக்குக் கடல் காற்று திரும்பியது. ஜன்னல் வழியாக உப்புப் பொடி உள்ளே வர ஆரம்பித்தது. அலுவலக உதவியாளர் முருகையன் வந்தார். முட்டி வலி வரும் வரை உப்பளத்தில் வேலை பார்த்தவர். கையில் வெட்டிய தார்ப்பாய்த் துண்டு. கேபினட்டைச் சுற்றி மூடினார், ஓரங்களை மடித்து உள்ளே செருகினார், நாலு மூலையிலும் அரைச் செங்கல் வைத்தார். மழைக்கு முன்னால் உப்புக் குவியலை மூடுவார்களே, அதே வேலைப்பாடு. ஊசி நுழைய இடமில்லை. பத்து நிமிடத்தில் உள்ளே சூடேறி, நான் மாற்றிய புது ஃபேன் முழு வேகத்தில் அலறியது.

நான் வெளியே வந்ததும் முருகையன் பதறித் தார்ப்பாயை உருவினார். சர்வீஸ் சார் வருகிறார் என்றால் பெட்டியைத் திறந்து வைப்பது மரியாதை. நான் மதியம் வந்த அன்றும் அப்படித்தான் செய்திருக்கிறார்.

"ஏன் முருகையன் மூடுறீங்க?"

"முன்னால ஒரு தடவை கெட்டுப் போச்சுல்லங்க, உப்பு தின்னுடுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க. கொட்டாயில கிடக்கற உப்பையே அப்படி மூடுறோம். இது அந்தம்மா பொழப்பு ஓடுற பொட்டி. சும்மா உட முடியுமா?"

தேன்மொழிக்கு இது தெரியாது. நாற்காலியை முருகையன் குரல் வந்த பக்கம் திருப்பினார். பிறகு, "எனக்காகவா மூடுனீங்க? நல்லா மூடுனீங்க போங்கண்ணே. நானே வெளிய போயிருப்பேன்" என்றார். முருகையன் தலையைச் சொறிந்தார்.

திட்டலாம் என்றுதான் வாயெடுத்தேன். ஆனால் அவர் சொன்னதில் பாதி சரி. மூடாவிட்டால் ஆறே மாதத்தில் உப்பு இந்த ஃபேனையும் தின்னும். சூடு வெளியே போக வேண்டும், உப்பு உள்ளே வரக் கூடாது. என் பன்னிரண்டு படியில் இரண்டாவதற்குப் பதில் இல்லை. அலுவலகத்தில் காற்று எங்கே அடிக்காது என்று முருகையனிடமே கேட்டேன். யோசிக்காமல் உள்சுவர் மூலையைக் காட்டினார். காற்று எப்படித் திரும்பும் என்று உப்பளத்தில் வேலை பார்த்தவருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

நீளமான கேபிள்கள் வாங்கிவந்து, கேபினட்டை அந்த மூலையில் தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி மரப்பலகைமேல் வைத்தோம். அடியில் பழைய ரப்பர் செருப்பை வெட்டிக் கொடுத்தோம். காற்று இழுக்கும் முன்பக்கம் மட்டும் வேட்டித் துணி கட்டினோம், வாரம் ஒரு முறை அலசிக் கட்டுவது முருகையன் பொறுப்பு. பின்பக்கம் திறந்தே இருக்கும். தேன்மொழி தன் நாற்காலியில் உட்கார்ந்தபடி, சத்தம் சுவரில் மோதி வருகிறது, கொஞ்சம் தள்ளுங்கள் என்று சொல்லச் சொல்ல நகர்த்தினோம். "அங்கேயே வைங்க" என்றபோது விட்டோம்.

திங்கள்கிழமை பதினொன்றரைக்குச் செயலாளர் கவுண்டர் பக்கம் வந்து நின்றார். கூடவே புது ஆளும் வந்திருந்தார். ஒரு டிரைவர் பழக்க தோஷத்தில் வண்டி நம்பரைத் தொண்டை கிழியச் சொன்னார்.

"ஏண்ணா கத்துறீங்க? மெதுவாவே சொல்லுங்க, கேக்குது" என்றார் தேன்மொழி.

டிரைவர் மெதுவாகச் சொன்னார். ஸ்கிரீன் ரீடர் அதைவிட மெதுவாகத் திருப்பிப் படித்தது. நாங்கள் எல்லோரும் அதைக் கேட்டோம். செயலாளர் சீட்டை வாங்கி, வண்டியில் இருந்த நம்பரோடு ஒத்துப் பார்த்துவிட்டு, புது ஆளைப் போன் பக்கம் உட்காரச் சொன்னார்.

சத்தம் போடும் கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்னால், அதன் பக்கத்தில் உட்காருகிறவரை உட்கார வைத்துப் பேசுங்கள். எந்த நேரத்தில் வருகிறது, அப்போது யார் அந்தப் பக்கம் வந்தார்கள் என்று கேளுங்கள். ஸ்க்ரூ டிரைவரை அதற்கப்புறம் எடுத்தால் போதும்.