நூர்தீன் மாமாவின் கன்னம்

அப்பா அற்புதராஜ், ஜாலான் புசார் சாலையில் ஒரு ஸ்டூடியோவில் கலர் படம் அச்சிட்டார். டியூப்லைட் வெளிச்சத்தை அவர் நம்பியதில்லை. பக்கத்து ஹார்ட்வேர் கடை நூர்தீன் மாமாவை நம்பினார்.

தினமும் காலையில் மாமாவின் நெகட்டிவ் ஒன்றை அச்சிடுவார். ஈரத்தில் நிறம் தெரியாது என்று காயவைப்பார். பிறகு கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதைக்கு வந்து, படத்தை மாமாவின் கன்னத்தோடு ஒட்டிப் பார்ப்பார். நிறம் ஒத்துப்போனால்தான் அன்றைக்கு வேலை தொடங்கும்.

“ஆணி வாங்க ஆள் நிக்குது லா, சீக்கிரம் பாருங்கண்ணே.”

“மூஞ்சிய ஆட்டாதீங்க பாய்.”

1978இல் பிலோமினம்மாள் வீட்டுக் கல்யாண ஆல்பம் வந்தது. முந்தைய மாதம் ஒரு ஆல்பம் கெட்டிருந்தது. இதுவும் கெட்டால் வேலை இல்லை என்று முதலாளி சொல்லியிருந்தார்.

அந்த வாரம் முழுக்க, படத்தைவிட மாமா கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்தார். அப்பா இயந்திரத்தைச் சந்தேகப்பட்டார். மஞ்சள் ஃபில்டரைத் தினம் ஐந்து அளவு குறைத்தார். குறைத்தால் படத்தில் மஞ்சள் ஏறும். கன்னமும் படமும் ஒத்துப்போயின.

சனிக்கிழமை பிலோமினம்மாள் ஆல்பத்தைத் திறந்தார்.

“என்னங்க இது? வெள்ளைச் சேலை கட்டித்தானே பொண்ண கோயிலுக்கு அனுப்பினேன்? சேலை மஞ்சள், சாமியார் மஞ்சள், கேக்கும் மஞ்சள்!”

முதலாளி அப்பாவைப் பார்த்தார். அப்பா ஆல்பத்தோடு வெளியே போய் மாமாவைக் கூப்பிட்டார். “பாருங்கம்மா, பாய் முகத்துக்குச் சரியாத்தானே இருக்கு?”

அந்த அம்மாள் மாமாவின் கண் இமையை இழுத்துப் பார்த்தார். “படம் கிடக்கட்டும். இந்த ஆளுக்கு மஞ்சக்காமாலை!”

“அதான் நாலு நாளா பிரியாணி இறங்கல,” என்றார் மாமா.

அப்பா அவரை டாக்ஸியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்து, பழைய ஃபில்டர் அளவில் ஆல்பம் முழுவதையும் மறுபடி அச்சிட்டார். அற்புதராஜ் படம் டாக்டருக்கு முன்னாலேயே நோயைச் சொல்லும் என்று பிலோமினம்மாள் கோயில் முழுக்கப் பரப்பினார். கூட்டம் கூடியது. வேலை தப்பியது.

பின்னாளில் நான் ஜூரோங் அச்சகம் ஒன்றில் சேர்ந்தேன். நிறம் அளக்கும் கருவியை அப்பாவிடம் காட்டினேன்.

“இதுக்குக் காமாலை வந்தா யாரு பாத்துச் சொல்றது?” என்றார்.

அப்பா செவ்வாய்க்கிழமை இறந்தார். சவப்பெட்டியருகே வைக்க வேண்டிய அவர் படத்தை நானே அச்சிட நினைத்தேன். முதலில் மாமாவின் பழைய நெகட்டிவை அச்சிட்டேன். கருவி சரி என்றது. ஆனாலும் காயவைத்து, மாமா கடையின் ஐந்தடிப் பாதைக்கு எடுத்துப்போனேன். மாமா கேட்காமலே கன்னத்தைக் காட்டி நின்றார்.

“கண்ணப் பாக்காத லா. செவந்து கிடக்கு. கன்னத்த மட்டும் பாரு.”

கன்னம் ஈரமாக இருந்தது. காயும்வரை இருவரும் நின்றோம்.