அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போனார்?

அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவுகளே, நண்பர்களே! உங்களில் சிலர் சாப்பிடக் குந்த முன்னமே இந்தப் பக்கத்தைத் தேடிப் பிடிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். தங்கச்சி எதை எழுதியிருக்கிறாள், எதை மறைத்திருக்கிறாள் என்று பார்க்கத்தான். பாருங்கள், ஒன்றையும் மறைக்கவில்லை.

அக்கா பருத்தித்துறையில் பிறந்தார். சண்டைக்குள் இருக்க ஏலாமல் தனியாக ஜெர்மனிக்கு வந்து, ஹோட்டல் அறைகள் துப்புரவாக்கி, எங்களை ஒவ்வொருவராக இங்கே கூப்பிட்டார். எங்கள் கலியாணங்கள் எல்லாம் ஒப்பேறின. அவருடையது மட்டும் தள்ளிக்கொண்டே போனது. பிறகு டுசல்டோர்ஃபுக்கு வெளியே, குதிரைக்கு வெஸ்டர்ன் சேணம், அதாவது அமெரிக்கக் கௌபாய்களின் சேணம், செய்யும் பட்டறையொன்றில் வேலை கிடைத்தது.

கதை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. ஞாயிறு தோறும் ஒரு வெள்ளைக்காரர் காரில் வந்து அக்காவை ஏற்றிக்கொண்டு போனார். சித்தி எனக்கு ஃபோன் எடுத்தார்.

"பிள்ளை, உன்ரை அக்கா ஞாயிறு ஞாயிறு ஆரோடை போறாள்? சனம் கதைக்குது."

"வேலைக்காம், சித்தி."

"ஞாயிற்றுக்கிழமை ஜெர்மன்காரன் வேலை செய்யிறவனே? ஆருக்குக் காது குத்துறாள்?"

சித்தி கேட்டதிலும் நியாயம் இருந்தது. இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஓர் ஆணி அடித்தாலே கீழ்வீட்டுக்காரர் மணியடித்துவிடுவார். அடுத்த ஞாயிறு நானும் காரில் ஏறிக் குந்தினேன்.

"உளவு பார்க்கவோ வாறாய்?" என்றார் அக்கா.

"ஓம்," என்றேன்.

போன இடம் ஒரு குதிரை லாயம். அக்கா சேணத்தின் தோல் போர்த்தாத வெறும் மரச்சட்டத்தைக் குதிரையின் முதுகில் வைத்து அசைத்து, அது தானாக அமர்கிற இடத்தைப் பிடித்தார். பிறகு குனிந்து, முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சு ஒடுங்குகிற இடத்தைத் தடவினார். வயிற்றுப்பட்டியை எங்கே கட்டினாலும் நடக்க நடக்க அது அந்த ஒடுக்கத்துக்குத்தான் நகருமாம், சேணத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகுமாம். அதனால் பட்டி தொங்கும் வளையம் அதற்கு நேர்மேலே வரவேண்டும். சட்டத்திலிருந்து குண்டு கட்டிய நூலொன்றைத் தொங்கவிட்டுப் பார்த்தார்.

பழைய சேணத்தில் வளையம் நன்றாக முன்னுக்கு இருந்தது, அப்படியே வையுங்கள் என்றார் குதிரையின் சொந்தக்காரி. அக்கா முன்னங்காலின் பின்பக்கத்தை எனக்குக் காட்டினார். பட்டி உரசி மயிர் தேய்ந்து தோல் தெரிந்தது.

"பொய் சொல்றாவோ?" என்று தமிழில் கேட்டேன்.

"இல்லையடி, அவ பார்க்கேல்லை. சந்தேகம் எண்டால் வந்து தொட்டுப் பார்க்கோணும். பட்டறையில இருந்துகொண்டு கதைக்க ஏலாது."

நின்ற குதிரையில் கண்டதையும் அக்கா நம்பவில்லை. வெள்ளைக்காரர் அதை நடத்திக்கொண்டு வந்தபின் திரும்பவும் தடவிப் பார்த்துத்தான், கொஞ்சம் பின்னுக்கு, வளையத்தின் இடத்தைச் சட்டத்தில் கீறினார். அந்த மனிதர் லாயம் லாயமாகப் போய் லாடம் அடிப்பவர், மனைவியை இழந்தவர். குதிரைக்காரர்கள் ஞாயிறில்தான் ஓய்வாக இருப்பார்களாம்.

வேலை உண்மைதான். ஆனால் அவர் அக்காவைக் கேட்காமலே அக்காவின் கைப்பையைத் திறந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் குடித்ததை நான் கண்டுவிட்டேன். திரும்பி வரும்போது காரில் அக்காவைத் தமிழில் கேட்காமல் விடவில்லை.

"அக்கா, வேலை சரி. இந்த மனிசன்?"

"சித்தி கேக்கச் சொன்னவவோ?"

"நான் கேக்கிறன்."

அக்கா என் பக்கம் திரும்பினார்.

"இவ்வளவு காலமும் ஒருத்தரும் என்னட்டை நேர கேக்கேல்லை. இவர்தான் கலியாணம் செய்வமோ எண்டு கேட்டவர். நான் ஓம் எண்டிட்டன். உங்களுக்குச் சொல்லத்தான் பயமாக் கிடக்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்களையெல்லாம் கூப்பிட்டு வாழவைத்தவர், எங்களுக்கே பயந்திருக்கிறார்!

கலியாணப் பதிவுக்கு டெர்மின் என்று நாள் எடுத்த பிறகுதான் நோய் தெரியவந்தது. பதிவாளர் ஆஸ்பத்திரிக்கே வந்தார். அக்கா கட்டிலில் இருந்தபடி கையெழுத்து வைத்தார். பக்கத்தில் நானும் ஒரு தாதியும் நின்றோம். யாருக்கும் இப்போது சொல்லாதே என்றார். நானும் சொல்லவில்லை.

செத்தவீட்டில், "ஆர் அந்த வெள்ளை?" என்று என் காதுபடவே கேட்டீர்கள். அவரிடம் போய் ஒருவரும் கேட்கவில்லை.

சமைத்துத் தந்த அயலவருக்கும், கிரியை செய்த ஐயருக்கும், தேவாரம் பாடியவர்களுக்கும் எங்கள் நன்றி. சித்திக்கும் நன்றி, அவர் கேட்டிராவிட்டால் நான் அந்தக் காரில் ஏறியிருக்கமாட்டேன். கடைசி மூச்சுவரை அக்காவின் கட்டிலை விட்டு அகலாத எங்கள் அத்தானுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது? இன்றும் அவர் மண்டப வாசலோரம்தான் நிற்பார். கூப்பிட்டு முதல் பந்தியில் இருத்துங்கள்.