பார்க்க ஒன்றுமில்லாத ஊர்

போன வாரம் என் மகள் கைபேசியில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தாள். தென் இத்தாலியில் விடுமுறைக்குப் போக வேண்டிய ஊர்கள், குளிக்க வேண்டிய கடற்கரைகள். அமால்ஃபி, பொசிட்டானோ, ட்ரொப்பேயா, ஒத்ராந்தோ. நீதான் சின்ன வயதிலேயே போயிருக்கிறாயே, எதை விடலாம் சொல்லு என்று கேட்டிருந்தாள். இந்தப் பெயர்களெல்லாம் ஒன்பது வயதில் எனக்கு மனப்பாடம். ஆனால் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. நான் பார்த்த ஒரே ஊர் அவள் பட்டியலில் இல்லை. எந்தப் பட்டியலிலும் இருக்காது. அதன் பெயரும் எனக்கு மறந்துவிட்டது. இதை எப்படி விளக்குவது என்று தெரியாமல் இன்னும் பதில் போடாமல் இருக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. மான்ட்ரியலில் ஜான்-டலோன் சந்தைக்கு இரண்டு தெரு தள்ளி, இத்தாலியர்கள் நிறைந்த பகுதியில், ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தோம். தெருவிலிருந்து நேரே மாடிக்கு ஏறுகிற இரும்புப் படிக்கட்டு. பனிக்காலத்தில் அதில் மளிகைப் பையோடு ஏறுவது ஒரு தனி வித்தை. கீழே வீட்டுக்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அந்த அம்மாளைக் கீழ்வீட்டம்மா என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வோம். இத்தாலி ஒரு பூட்ஸ் என்றால், அவர்கள் ஊர் அதன் கால்விரல் பக்கத்தில், கலபிரியாவில் இருந்தது. கீழ்வீட்டம்மாவுக்கும் அம்மாவுக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் பிரெஞ்சும் நிறையக் கைஜாடையும்தான். அதை வைத்துக்கொண்டே மணிக்கணக்கில் பேசுவார்கள்.

அப்பா எஞ்சினியர். எதையும் திட்டம் போட்டுச் செய்கிறவர், அல்லது திட்டம் போடுவதோடு நிறுத்திக்கொள்கிறவர். அந்தக் காலத்து விமான டிக்கெட்டில் ஒரு சௌகரியம் இருந்தது. மெட்ராஸுக்கு எடுத்தால் வழியில் ஏதாவது ஓர் ஊரில் இறங்கித் தங்கிவிட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம். அந்தக் கோடையில் மெட்ராஸ் போவதாக முடிவானதும், வழியில் ரோமில் இறங்கித் தென் இத்தாலியைச் சுற்றிவிட்டுப் போகலாம் என்று அப்பாவுக்குத் தோன்றிவிட்டது. பெரிய வரைபடம் ஒன்றை வாங்கி வந்து சமையலறைச் சுவரில் ஒட்டினார். சிவப்புப் பென்சிலால் ஊர்களைச் சுழித்தார். தினமும் ராத்திரிச் சாப்பாட்டின்போது ஓர் ஊரைப் பற்றிப் பாடம் நடக்கும். பொம்பெய் நகரம் சாம்பலில் புதைந்த கதையைக் கேட்டுவிட்டு நான் வெசுவியஸ் எரிமலை மேல் பைத்தியமாகிவிட்டேன். அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. காலையில் இருட்டோடு கிளம்பி மெட்ரோவில் போய், சாயங்காலம் இருட்டோடு திரும்புவாள். மான்ட்ரியலில் அப்போது தமிழ்க் குடும்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் மெட்ரோவுக்குப் பக்கத்தில் இருந்தது எங்கள் வீடு ஒன்றுதான். அதனால் புதிதாக வந்து இறங்குகிற மாணவனோ டாக்டரோ யாராக இருந்தாலும் சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. இதை யாரும் உட்கார்ந்து பேசி ஏற்பாடு செய்யவில்லை. அப்பா வழியில் ஒரு தமிழ் முகத்தைப் பார்த்தால் பெயரைக் கேட்பதற்கு முன்னால் சாப்பிட வரச் சொல்லிவிடுவார். வந்தவர்களும் அடுத்த வாரம் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். எல்லோரும் நல்லவர்கள். அக்கா சாம்பாரை மறக்க முடியாது என்பார்கள். தட்டைக் கழுவி வைக்க வேண்டும் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றாது.

மெட்ராஸுக்குப் போனாலும் இதே கதைதான். கனடாவிலிருந்து மருமகள் வந்தாயிற்று, அவள் கையால் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று சமையற்காரருக்கு லீவு கொடுத்துவிடுவார்கள். அம்மாவைக் கௌரவிக்கிறார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவள் களைத்திருக்கிறாள் என்று எனக்கு ஒருநாளும் பட்டதில்லை. அம்மாவின் முகமே அப்படித்தான் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டம்மா ஏதோ கொடுக்க மாடிக்கு வந்தவள் சுவரில் தன் நாட்டைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். பிறகு ட்ரொப்பேயாவுக்குக் கீழே, ஊர்ப்பெயர் எதுவும் அச்சாகாத கரையில் விரலை வைத்தாள். அவள் பிறந்த ஊர். அங்கே அவளுடைய தங்கை சின்னதாக ஒரு விடுதி நடத்துகிறாளாம். மூன்று அறை, வாசலில் கடல். நாங்கள் கறி மீன் தொடாதவர்கள் என்பது கீழ்வீட்டம்மாவுக்குத் தெரியும். கொண்டைக்கடலை, தக்காளி, கத்தரிக்காய், ரொட்டி என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினாள். கடைசியாக அம்மாவைப் பார்த்து, நாற்காலியில் உட்காருவது போலவும் முன்னால் தட்டு வந்து விழுவது போலவும் நடித்துக் காட்டினாள். அம்மா சிரித்தாள். கீழ்வீட்டம்மா போன பிறகு, தன் நெற்றியிலிருந்த குங்குமத்தை விரலால் தொட்டு அந்த இடத்தில் ஒரு பொட்டு வைத்தாள்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொட்டை ஆராய்ந்தார். பயணப் புத்தகத்தைப் புரட்டினார். அதில் அந்த ஊர் இல்லை.

"அங்க என்ன இருக்கு? ஒரு கோயில் கிடையாது, கோட்டை கிடையாது. பாக்க ஒண்ணுமே இல்லையே."

"ஒண்ணும் இல்லன்னுதான் அவங்களும் சொல்றாங்க," என்றாள் அம்மா.

எனக்கு அம்மாவை நினைத்து வெட்கமாக இருந்தது. எரிமலையும் காப்ரித் தீவின் நீலக் குகையும் இருக்கிற நாட்டில் போய் ஒன்றுமில்லாத ஊரைக் கேட்கிறாளே என்று அப்பா கட்சியில் சேர்ந்துகொண்டேன்.

அதற்குள் மெட்ராஸிலிருந்து அத்தையின் கடிதம் வந்தது. அத்தை மகளுக்குக் கல்யாணம். ஆடி பிறப்பதற்குள் முடித்தாக வேண்டும். தம்பியும் தம்பி பெண்டாட்டியும் முன்னதாகவே வந்து நின்றால்தான் தனக்குக் கை ஓடும் என்று எழுதியிருந்தாள். என் பள்ளிக்கூடமோ ஜூன் கடைசியில்தான் மூடும். அப்பா ரப்பரை எடுத்தார். லெச்சேயும் ஒத்ராந்தோவும் அன்றே போயின. அடுத்த கடிதத்தில் பலகாரம் வீட்டிலேயே செய்வதாக முடிவாகியிருந்தது. மத்தேரா போயிற்று, காப்ரி போயிற்று. கடைசியில் ஏப்ரல் மாத வாக்கில் அப்பா ரப்பரைக் கீழே வைத்துவிட்டு, பெருந்தன்மையாகச் சொன்னார்.

"இத்தாலி எங்க ஓடிப்போகுது? அடுத்த தடவ பாத்துக்கலாம். நேரா மெட்ராஸ் போயிடுவோம்."

அம்மா சரி என்றாள். அவள் எதற்குமே சரி என்கிறவள். பென்சில் சுழிகள் போன வரைபடத்தில் குங்குமப் பொட்டு மட்டும் மிச்சமிருந்தது. அப்பா அதையும் ரப்பரால் தேய்த்துப் பார்த்தார். அது இன்னும் கொஞ்சம் பரவியது.

அதற்கு அடுத்த சனிக்கிழமை கீழ்வீட்டுக்காரர் அத்திமரத்தை வெளியே எடுத்தார். அங்கே இத்தாலியர் வீடுகளில் அது ஒரு வழக்கம். அத்திமரம் மான்ட்ரியல் குளிரைத் தாங்காது என்பதால், குளிர் தொடங்கும்போது வேரின் ஒரு பக்கத்தை வெட்டிவிட்டு மரத்தையே குழியில் சாய்த்து மண்ணைப் போட்டு மூடிவிடுவார்கள். பனி விலகியதும் தோண்டி நிமிர்த்துவார்கள். அதைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அம்மா பின்கட்டுக்கு இறங்கிப் போனாள். பருப்பு அடுப்பில் ஏறவில்லை. அரிசி களையவில்லை. பன்னிரண்டு மணிக்கு மேல் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். படிக்கட்டு அதிர்ந்துகொண்டே இருந்தது. அப்பா முகத்தில் சிரிப்போடு சமையலறைக்குப் போய், சிரிப்பில்லாமல் திரும்பி வந்து, அம்மாவைக் கூப்பிட என்னை அனுப்பினார்.

அம்மா மரத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கை. கோபமாகவும் இல்லை, அழவும் இல்லை. மரத்தில் இன்னும் மண் அப்பியிருந்தது. வீட்டுக்காரர் கயிற்றைக் கட்டி அதை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

"அம்மா, எல்லாரும் வந்துட்டாங்க."

"தெரியும்."

"சாதம் வைக்கலயே?"

"தெரியும். நீ மேல போ."

கீழ்வீட்டம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எங்கள் தமிழில் ஒரு சொல்லும் அவளுக்குப் புரிந்திருக்காது. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். மேலே அப்பா உப்புமா கிளறத் தொடங்கி, ரவையை வறுக்காமல் கொட்டி, சட்டுவத்தைப் பிடுங்க முடியாமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். பசித்த ஆண்பிள்ளைகள் முன்னறையில் அரசியல் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். அரை மணி நேரம் கழித்துக் கீழ்வீட்டம்மா ஒரு பெரிய அண்டாவைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தாள். அன்றைக்குத் தங்களுக்கென்று வேகவைத்திருந்த கொண்டைக்கடலையோடு குட்டி குட்டியாக மாவுத் துண்டுகள் போட்டுக் கொதிக்கவைத்தது. முதலில் எல்லோரும் முழித்தார்கள். ஒருவர் எலுமிச்சை ஊறுகாயைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு அண்டா காலியாவதற்கு நேரமாகவில்லை. திருநெல்வேலிக்காரர் ஒருவர் மட்டும் கடைசியில் மோர் இருக்கிறதா என்று கேட்டார். அன்று முதல்முறையாக அவர்கள் தட்டைத் தாங்களே கழுவினார்கள், கீழ்வீட்டம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றதால்.

சாயங்காலம் அம்மா மேலே வந்தாள். அப்பா ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் அவளே பேசிவிட்டாள்.

"மத்த ஊர் எதுவும் வேண்டாம். எனக்கு அந்த ஊர் மட்டும் போதும்."

"அக்காவுக்கு என்னன்னு சொல்றது?"

"அத நீங்கதான் சொல்லணும்."

அந்த வீட்டில் அவள் தனக்கென்று கேட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான். அப்பா வெகுநேரம் வரைபடத்தின் முன்னால் நின்றார். பிறகு உட்கார்ந்து அத்தைக்குக் கடிதம் எழுதினார். அந்தத் தேதிகளில் விமானமே கிடையாது என்று எழுதினார்.

ரோமில் இறங்கியதும் ரயில். வழியில் நேப்பிள்ஸ் வந்தது. அதோ வெசுவியஸ் என்று அப்பா ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். அங்கே மேகம் இருந்தது. அதுதான் என் எரிமலை. ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது கீழ்வீட்டம்மாவின் தங்கை வாசலிலேயே நின்றாள். அக்காவை உரித்து வைத்திருந்தாள். சாப்பாட்டு வேளையில் அம்மா வழக்கம்போல எங்களுக்குப் பரிமாற எழுந்தாள். அந்த அம்மாள் தோளைப் பிடித்து அழுத்தி அவளை உட்கார வைத்துவிட்டாள். அம்மா முன்னால் தட்டு வந்தது. அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சாப்பிட்டாள். கையைக் கழுவிக்கொண்டு மணலுக்குப் போய்ச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தாள். தூங்கிவிட்டாள்.

தூங்கினாள் என்றால் சாதாரணத் தூக்கமில்லை. அலையில் குழந்தைகள் கத்தின. யாரோ பந்தை அவள் காலடியில் போட்டார்கள். அவள் புரளவில்லை. நான் தண்ணீரில் காலை நனைத்தேன், கிளிஞ்சல் பொறுக்கினேன், திரும்பி வந்தேன். தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று அப்பாவைக் கேட்டேன். இல்லை, தூங்குகிறாள் என்றார். முழுக்கைச் சட்டையும் பூட்ஸுமாக மணலில் உட்கார்ந்து, பார்க்காமல் விட்ட ஊர்களைப் பற்றிப் புத்தகத்தில் படித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அந்தப் புத்தகத்தை மூடி என்னிடம் கொடுத்துவிட்டார். மெட்ராஸ் வெயிலுக்கென்று கொண்டு வந்த கறுப்புக் குடையை விரித்து அம்மாவின் முகத்துக்கு மேலே பிடித்தார். வெயில் நகர நகரக் குடையும் நகர்ந்தது. நான் விளையாடக் கூப்பிட்டபோது வரவில்லை. மறுநாளும் இப்படியே போயிற்று. அதற்கு மறுநாள் ரயில். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. இவ்வளவு தூரம் வந்து இவள் தூங்கினாளே என்று மெட்ராஸில் கேட்டவர்களிடமெல்லாம் புகார் சொன்னேன். அவர்கள் சிரித்துவிட்டு அம்மாவை அதிரசத்துக்குப் பாகு பார்க்கக் கூப்பிட்டார்கள்.

திரும்பி வந்தபோது மான்ட்ரியலில் தக்காளிக் காலம். கீழ்வீட்டார் கார் கொட்டகையில் அடுப்பு மூட்டி, வருஷத்துக்கான தக்காளியை வேகவைத்துப் புட்டியில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் நானும் போய் நின்றோம். கீழ்வீட்டம்மா கரண்டியை வைத்துவிட்டு, தங்கையைப் பற்றிக்கூடக் கேட்காமல், கடல் எப்படி இருந்தது என்று பிரெஞ்சில் கேட்டாள்.

அம்மா தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், நன்றாகத் தூங்கினேன் என்றாள்.

கீழ்வீட்டம்மாவின் கண் நிறைந்துவிட்டது. தக்காளிக் கையோடு அம்மாவின் முகத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டாள். அம்மாவுக்குக் கேள்வி புரியவில்லை என்றுதான் நான் நினைத்தேன். "கடலப் பத்திக் கேக்கறாங்கம்மா," என்று சொல்லிப் பார்த்தேன். அவள் தெரியும் என்றாள், ஆனால் கடலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வேறு வழியில்லாமல் நானே சொல்ல ஆரம்பித்தேன். தண்ணீர் என்ன நிறம், மணல் எவ்வளவு சூடு, பாறைக்குப் பக்கத்தில் என்னென்ன கிளிஞ்சல் கிடைத்தது என்று எல்லாவற்றையும் விடாமல் சொன்னேன். நான் முடிக்கிற வரைக்கும் இரண்டு பேரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.